லேசர் கண் சிகிச்சை: புதுச்சேரி, கடலூர்க்காரர்கள் பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

கண்ணாடியைக் கழற்ற லேசர் செய்துகொள்ள நினைப்பவர்கள் முதலில் கேட்பது "எந்த மெஷின்?" என்பதை. அடுத்த கேள்வி "எவ்வளவு ஆகும்?". எங்கள் மதிப்பீட்டில் இந்த இரண்டுமே பின்னால் கேட்க வேண்டியவை. லேசர் கண்ணில் ஓடுவது சில வினாடிகள், மிஞ்சிப் போனால் ஒரு நிமிடம். அந்தக் கண்ணில் லேசர் ஓடலாமா கூடாதா என்பது அதற்கு முந்தைய பரிசோதனை நாளிலேயே முடிவாகிவிடுகிறது. அந்த ஒரு நாளை ஒரு மருத்துவமனை எப்படி நடத்துகிறது என்பதை வைத்தே மதிப்பெண் போட வேண்டும்.

பரிசோதனைக்குப் போகும் முன்பே ஒரு வேலை இருக்கிறது. சாதா சாஃப்ட் கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் ஒன்று முதல் இரண்டு வாரம், கெட்டி லென்ஸ் போடுபவர்கள் மூன்று முதல் நான்கு வாரம் அதை நிறுத்தியிருக்க வேண்டும். லென்ஸ் கருவிழியின் (கண்ணின் முன்னால் கண்ணாடி போல இருக்கும் படலம், கார்னியா) வளைவை அழுத்தி மாற்றி வைத்திருக்கும். நேற்றுவரை லென்ஸ் போட்டவருக்கு இன்று எடுக்கும் படத்தில் தெரிவது லென்ஸ் உண்டாக்கிய வடிவம். அந்த அளவை வைத்து லேசர் ஓட்டினால் பவர் தவறிப்போகும். "லென்ஸ் போடுவீர்களா, எப்போது கழற்றினீர்கள்?" என்று வரவேற்பிலேயே கேட்கும் இடம் நல்ல இடம். கேட்காமல் நேராக மெஷினில் உட்கார வைத்தால் எழுந்து வந்துவிடலாம்.

இன்னொன்று, பரிசோதனை நாளில் பைக்கில் போகாதீர்கள். பாவையை (கண்ணின் நடுவே உள்ள கருப்புத் துவாரம்) விரிக்கும் சொட்டு போட்டால் நான்கைந்து மணி நேரம் பார்வை மங்கும், வெயில் கூசும். கண்ணின் தசையைத் தளர்த்தும் சொட்டு என்றால் மறுநாள் வரை கூட நீளும். கடலூரிலிருந்து போகிறவர்களுக்குப் பேருந்தே சௌகரியம். அரவிந்த் கண் மருத்துவமனையின் புதுச்சேரிக் கிளை தவளக்குப்பத்தில், கடலூர் சாலையிலேயே 2003 முதல் இருப்பதால், கண் சம்பந்தமாக எதற்குப் போனாலும் ஊருக்குள் நுழையாமல் வழியிலேயே இறங்கிக்கொள்ளலாம். ஒரு தனியார் மையம் சொன்னதை இன்னொரு கண் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றால் கோரிமேடு ஜிப்மரிலும் கண் பிரிவு உண்டு. இரண்டாவது கருத்துக் கேட்பதை எந்த நேர்மையான மருத்துவரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

அன்றைக்கு எடுக்க வேண்டிய சோதனைகளில் முக்கியமானது கருவிழியின் வரைபடம். பென்டாகேம் போன்ற கருவி கருவிழியின் முன்பக்க வளைவு, பின்பக்க வளைவு, ஒவ்வொரு புள்ளியிலும் உள்ள தடிமன் மூன்றையும் வண்ணப் படமாகக் கொடுக்கும். முன்பக்கம் மட்டும் பார்த்தால் போதாது. கெரட்டோகோனஸ் என்ற நோயில் கருவிழி மெலிந்து கூம்பாகப் புடைக்கும். அதன் முதல் அறிகுறி பல நேரம் பின்பக்கத்தில்தான் தெரியும். அப்படிப்பட்ட கண்ணில் லேசிக் என்ற லேசர் முறையைச் செய்தால், ஏற்கெனவே பலமில்லாத சுவரை மேலும் சுரண்டியது போல ஆகும். சில மாதங்களிலோ வருடங்களிலோ கருவிழி முன்னால் தள்ளிக்கொண்டு வரும். இதற்கு எக்டேசியா என்று பெயர். அரிதானதுதான், ஆனால் இந்தச் சிகிச்சையின் பெரிய ஆபத்து இதுவே. வந்துவிட்டால் கண்ணாடியாலும் சரியாக்க முடியாது. சிறப்பு லென்ஸ், கருவிழியைக் கெட்டிப்படுத்தும் குறுக்கிணைப்புச் சிகிச்சை, முற்றினால் கருவிழி மாற்று என்று போகும்.

நம் பக்கத்து வெயிலிலும் தூசியிலும் சிறு வயதிலிருந்தே கண் அரிப்பு இருந்தவர்கள் நிறைய. கண்ணைக் கசக்கும் பழக்கம் கெரட்டோகோனஸுக்கு வழி விடும் என்பதால் இதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. வீட்டில் அண்ணன், தங்கை, சித்தப்பா பிள்ளைகள் யாருக்காவது அந்த நோய் இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். சிலிண்டர் பவர் (கருவிழி எல்லாத் திசையிலும் ஒரே வளைவாக இல்லாததால் வருவது) வருடா வருடம் ஏறுவதும் ஒரு எச்சரிக்கை.

இப்போது கணக்கு. இதை நோயாளியே ஒரு துண்டுக் காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம், போட்டும் பார்க்க வேண்டும். கருவிழியின் நடுத் தடிமன் சராசரியாக 540 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். லேசிக்கில் மேலே ஒரு மெல்லிய மூடியை, ஃப்ளாப் என்பார்கள், அறுத்துத் திறக்கிறார்கள். திசுவை நுணுக்கமாக அறுக்கும் ஃபெம்டோ லேசரால் அறுத்தால் அது சுமார் 100 முதல் 120 மைக்ரான். அதற்குக் கீழே எக்சைமர் லேசர் ஒரு பவருக்கு இவ்வளவு என்று திசுவை எடுக்கும். சரி செய்யும் வட்டத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, மூன்றால் வகுத்தால் ஒரு பவருக்கான மைக்ரான் ஏறக்குறைய வந்துவிடும். வட்டம் 6 மில்லிமீட்டர் என்றால் 12 மைக்ரான், 6.5 என்றால் 14.

520 மைக்ரான் கருவிழி, மைனஸ் 5 பவர், 6.5 மில்லிமீட்டர் வட்டம், 110 மைக்ரான் மூடி என்று வைத்துக்கொள்வோம். லேசர் எடுப்பது 70. மூடியோடு சேர்த்து 180. அடியில் மிஞ்சுவது 340 மைக்ரான். எடுபட்ட பங்கு சுமார் 35 சதவீதம். நிம்மதியாகச் செய்யலாம். அதே கண்ணுக்கு மைனஸ் 8 என்றால் லேசர் எடுப்பது 113, மூடியோடு 223, மிஞ்சுவது 297, எடுபட்ட பங்கு 43 சதவீதம். அடியில் 250 மைக்ரானுக்குக் குறையவே கூடாது என்பது பழைய எல்லை. 300 இருக்கட்டும் என்று கவனமான மருத்துவர்கள் நினைப்பார்கள். எடுபடும் பங்கு 40 சதவீதத்தை எட்டினால் எக்டேசியா அபாயம் கூடுகிறது. ஆகவே இரண்டாவது ஆளுக்கு லேசிக் வேண்டாம் என்பதே சரியான பதில். வட்டத்தை 5.5 ஆகச் சுருக்கித் தடிமனை மிச்சம் பிடிக்கலாமே என்று யாராவது சொன்னால், இரவில் பாவை அந்த வட்டத்தைத் தாண்டி விரியும், எதிர்வரும் விளக்கைச் சுற்றி வளையம் தெரியும் என்பதையும் சேர்த்தே சொல்லச் சொல்லுங்கள்.

இந்த மிச்சத் தடிமன் எவ்வளவு என்று நேரடியாகக் கேட்டால், எண்ணாகப் பதில் வர வேண்டும். "அதெல்லாம் நார்மல்தான்" என்பது பதில் ஆகாது.

கண்ணீர்ச் சோதனையைப் பல பேர் அற்பமாக நினைக்கிறார்கள். கீழிமைக்குள் ஒரு காகிதப் பட்டையை மாட்டி ஐந்து நிமிடம் விட்டால் எத்தனை மில்லிமீட்டர் நனைகிறது என்று பார்ப்பது ஒன்று. கண் சிமிட்டிய பின் கண்ணீர்ப் படலம் எத்தனை வினாடி உடையாமல் நிற்கிறது என்பது இன்னொன்று. பத்து வினாடிக்குக் குறைந்தால் உலர்வு இருக்கிறது என்று பொருள். லேசிக்கில் மூடி அறுக்கும்போது கருவிழியின் நுண்நரம்புகளும் அறுபடுகின்றன. கண் வறண்டிருக்கிறது என்ற செய்தி மூளைக்குப் போவது குறைய, கண்ணீரும் குறைகிறது. நரம்புகள் மீண்டும் வளர ஆறு மாதம் முதல் ஒரு வருடம் ஆகும். ஏற்கெனவே வறண்ட கண் என்றால் முதலில் அதற்கு மருந்து, பிறகுதான் லேசர். நாள் முழுக்க ஏசியில் கம்ப்யூட்டர் முன் உட்காருபவர்களுக்கு இது தலையாய விஷயம்.

விழித்திரைப் பரிசோதனையும் விடக்கூடாதது. பவர் அதிகமான கண் என்பது நீளமான கண். லேசர் கருவிழியைத் தட்டையாக்கிப் பவரைக் கழிக்கிறது. கண்ணின் நீளம் அப்படியேதான் இருக்கும். மைனஸ் 7 இருந்தவர் கண்ணாடியில்லாமல் நடமாடினாலும் உள்ளே அவர் விழித்திரை மைனஸ் 7 காரருடையதுதான். ஓரத்தில் மெலிவோ ஓட்டையோ இருந்தால் முதலில் அதைச் சுற்றி லேசர் அரண் போட்டு, சில வாரம் பொறுத்துத்தான் கருவிழிக்கு வர வேண்டும். அதன் பிறகும் வருடத்துக்கு ஒருமுறை பாவையை விரித்துப் பார்க்க வேண்டும். மின்னல் வெட்டுவது போலத் தெரிந்தாலோ, கரும்புள்ளிகள் திடீரென மிதந்தாலோ, ஓரத்தில் திரை இறங்கினாலோ அன்றைக்கே போக வேண்டும்.

முறைகளைப் பற்றி. விளம்பரப் பலகைகளில் பெயர்கள் ஏராளமாக இருந்தாலும் அடிப்படை மூன்றுதான்.

பி.ஆர்.கே. பழைய முறை, மதிப்புக் குறையாத முறை. மூடி கிடையாது. மேல்தோலை மட்டும் நீக்கி லேசர் ஓட்டி, பேண்டேஜ் லென்ஸ் போட்டு அனுப்புவார்கள். மூன்று முதல் ஐந்து நாள் எரிச்சலும் வலியும் நன்றாகவே இருக்கும்; பார்வை தெளிய வாரக் கணக்காகும். கருவிழி மெலிந்தவர்களுக்கும், கபடி, குத்துச்சண்டை என்று முகத்தில் அடிபடும் விளையாட்டில் இருப்பவர்களுக்கும் இதுவே நல்லது. பிடுங்கிக்கொள்ள மூடி இல்லையே. பவர் அதிகமானால் கருவிழியில் மங்கல் படியலாம். அதைத் தடுக்க மைட்டோமைசின் என்ற மருந்தை 0.02 சதவீதக் கரைசலாகச் சில வினாடி தடவுவார்கள். பின்பு சில மாதங்களுக்குப் புற ஊதா தடுக்கும் கூலிங் கிளாஸ் கட்டாயம். கடற்கரை வெயிலில் வாழ்பவர்களுக்கு இதை இரண்டு தடவை சொன்னாலும் தகும்.

லேசிக்கில் வலி குறைவு, மறுநாளே பார்வை. விலையாகக் கொடுப்பது மூடியும், உலர்வும். கான்டூரா என்று விற்பதும் லேசிக்தான். கருவிழியின் மேடு பள்ளத்தைப் படமெடுத்து அதற்கேற்ப லேசரை ஓட்டுவது. வடிவம் ஒழுங்கற்ற கருவிழியில் பலன் உண்டு. ஒழுங்கான கருவிழிக்கு அதற்காகக் கூடுதல் பணம் கொடுப்பது அவ்வளவு அவசியம் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

ஸ்மைல் முறையில் ஃபெம்டோ லேசர் கருவிழிக்குள்ளேயே ஒரு மெல்லிய வில்லையைச் செதுக்க, 2 முதல் 4 மில்லிமீட்டர் கீறல் வழியாக மருத்துவர் அதை உருவி எடுப்பார். லேசிக்கின் மூடிக்கு ஏறக்குறைய 20 மில்லிமீட்டர் அறுப்பு. ஆகவே ஸ்மைலில் நரம்பு சேதம் குறைவு, உலர்வும் பொதுவாகக் குறைவு. ஆனால் மருத்துவரின் கைப்பழக்கம் இதில் அதிகம் தேவை. வில்லை கிழிந்து ஒரு துணுக்கு உள்ளே தங்கினால் பார்வை கோணும். ப்ளஸ் பவருக்கு இது பரவலாகக் கிடைப்பதில்லை. பவர் கொஞ்சம் மிஞ்சினால் மறுபடி உள்ளே போவது கடினம் என்பதால் பெரும்பாலும் மேலே பி.ஆர்.கே. செய்துதான் சரிக்கட்டுவார்கள்.

சிலிண்டர் பவர் உள்ளவர்கள் ஒன்றைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்திருக்கும்போது ஒரு கோணத்தில் இருக்கும் கண், படுத்ததும் சில டிகிரி சுழலும். அச்சு 15 டிகிரி தவறினால் சிலிண்டர் திருத்தத்தில் பாதி வீண். 30 டிகிரி தவறினால் பலனே இல்லை. அதனால் உட்கார்ந்த நிலையிலேயே கருவிழி ஓரத்தில் மையால் குறி வைப்பார்கள், அல்லது மெஷினே கருந்திரையின் (பாவையைச் சுற்றியுள்ள நிறப் பகுதி, ஐரிஸ்) கோடுகளை வைத்து அடையாளம் பிடிக்கும். இரண்டில் எது என்று சொல்லத் தெரிய வேண்டும்.

எக்சைமர் லேசர் 193 நானோமீட்டர் புற ஊதாக் கதிர். ஒரு துடிப்புக்குச் சுமார் கால் மைக்ரான் திசுவை, பக்கத்தில் சூடு பரவாமல் ஆவியாக்கும். உயிர்த்திசுவை இப்படிச் சுத்தமாகச் செதுக்க முடியும் என்று 1981-ல் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் கண்டவர்களில் ஒருவர் ரங்கசாமி சீனிவாசன், சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். கூட இருந்தவர்கள் ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம். விருந்தில் மிஞ்சிய வான்கோழி எலும்பில்தான் முதலில் சோதித்தார்கள். உலகம் முழுக்கக் கண்ணாடியைக் கழற்றியவர்கள் இந்தப் பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறோம்.

சிகிச்சை நாளில் மேசையில் நடப்பது பயப்படும்படி ஒன்றுமில்லை. மரத்துப்போகும் சொட்டு, சுத்தம் செய்தல், இமை மூடாமலிருக்க ஒரு கம்பி. பிறகு உறிஞ்சு வளையம் கண்ணைப் பிடிக்கும். 20, 30 வினாடி பார்வை இருண்டு அழுத்தும். அப்போது தலையை அசைத்தால் பிடி விட்டுப் போகும். மருத்துவர் நிறுத்தி மறுபடி தொடங்குவார், சில நேரம் வேறு நாளுக்குத் தள்ளுவார். எரியும் வாடை வரும். அது ஆவியாகும் திசுவின் வாடை, கண் எரிகிறது என்று அர்த்தமில்லை. இரு கண்ணுக்கும் கால் மணி நேரம். அன்று சென்ட், பாடி ஸ்ப்ரே போடக் கூடாது. அதன் ஆவி லேசரின் அளவைக் கெடுக்கும்.

மறுநாள் பரிசோதனையை ஊர் தூரம் என்று தள்ளிப்போடாதீர்கள். மூடியில் சுருக்கம் விழுந்தால் முதல் ஓரிரு நாளில் தூக்கி நீவிச் சரிசெய்யலாம், நாளானால் தங்கிவிடும். மூடிக்கு அடியில் மணல் தூவியது போல அழற்சி வருவதும் முதல் சில நாளில்தான். பின்பு ஏழாம் நாள், ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம். ஆன்டிபயாடிக் சொட்டு ஒரு வாரம், ஸ்டீராய்டு சொட்டு படிப்படியாகக் குறைத்து, கண்ணீர்ச் சொட்டு மாதக் கணக்கில். ஸ்டீராய்டு சொட்டை மெடிக்கலில் தானாக மறுபடி வாங்கிப் போட்டுக்கொண்டால் சிலருக்குக் கண் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றுவிடும்; வலியே தெரியாது.

முதல் வாரம் தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, எண்ணெய்க் குளியல் வேண்டாம், தூங்கும்போது பிளாஸ்டிக் கவசம். கண் மை, ஐலைனர் மருத்துவர் சொல்லும்வரை கிடையாது. கடலிலும் குளத்திலும் ஒரு மாதம் இறங்கக் கூடாது. மாசி மகத்துக்கு வைத்திக்குப்பத்திலோ தேவனாம்பட்டினத்திலோ முழுக்குப் போட நினைப்பவர்கள் நாளைப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். போகிப் புகையும் ஆகாது. கல்யாணத்தை முன்னிட்டுச் செய்பவர்கள் இங்கே நிறைய. முகூர்த்தத்துக்குக் குறைந்தது மூன்று மாதம் முன்பே முடித்துவிடுங்கள். ஓமப் புகை, அட்சதை, மேக்கப், தூக்கமில்லாத இரவு எல்லாம் புதுக் கண்ணுக்குச் சோதனை. பெண் வீட்டார் அவசரப்படுத்துவதால் பரிசோதனையைச் சுருக்குவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

வலி கூடிக்கொண்டே போவது, வெளிச்சம் தாங்க முடியாமல் போவது, தெளிந்த பார்வை மறுபடி மங்குவது, கருவிழியில் வெள்ளைப் புள்ளி: இவற்றில் ஒன்று வந்தாலும் ராத்திரி ஆனாலும் போங்கள். ஆகவே இரவில் எடுக்கும் தொலைபேசி எண்ணைப் பணம் கட்டும் முன் வாங்கி, ஒருமுறை அழைத்துப் பாருங்கள்.

பலன் பெரியது என்பதில் சந்தேகமில்லை. தக்க கண்ணில் செய்தால் பெரும்பாலோருக்குத் தூரப் பார்வை கண்ணாடியில்லாமலே தெளிவாகும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை தொடர்புடைய ஆய்வுகளில் 95 சதவீதத்துக்கு மேற்பட்டோர் தம் பார்வையில் திருப்தி என்றார்கள். அதே ஆய்வுகளில், முன்பு எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களில் 46 சதவீதம் வரை மூன்றாம் மாதத்தில் வளையம், கூச்சம், இரட்டைப் பிம்பம் போன்ற ஏதாவது ஒன்று புதிதாக வந்ததாகச் சொன்னார்கள். உலர்வு இல்லாதவர்களில் 28 சதவீதம் வரை அது வந்தது. அன்றாட வேலையே முடங்கும் அளவுக்குத் துன்பப்பட்டவர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. விளம்பரங்கள் முதல் எண்ணை மட்டும் சொல்லும். நான்கையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ராத்திரி கடலூர் சாலையில் எதிரே ஹை பீமோடு வரும் லாரிகளுக்கு நடுவே வண்டி ஓட்டிப் பிழைப்பவருக்கு இரண்டாவது எண் அதிக எடை உள்ளது.

பதினெட்டு வயது நிரம்பாதவர்கள், ஒரு வருடமாகப் பவர் அரைப் புள்ளிக்கு மேல் மாறியவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள், கட்டுக்குள் வராத சர்க்கரை உள்ளவர்கள், முடக்குவாதம் போன்ற தன்னெதிர்ப்பு நோயுள்ளவர்கள், பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுபவர்கள் பொறுக்க வேண்டும் அல்லது விலக வேண்டும். நாற்பதை நெருங்குபவர்கள் வெள்ளெழுத்தை மறக்கக் கூடாது. மைனஸ் 2 இருப்பவர் இன்று கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேப்பர் படிக்கிறார். லேசருக்குப் பின் அதே பேப்பருக்குக் கண்ணாடி மாட்டுவார். இதைச் சொல்லாமல் செய்துவிட்டுப் பின்னால் சண்டை வருவது அடிக்கடி நடக்கிறது.

கருவிழி இடம் கொடுக்காத அதிகப் பவர்காரர்களுக்கு ஐ.சி.எல். இருக்கிறது. கருந்திரைக்குப் பின்னால், இயற்கை லென்ஸுக்கு முன்னால் வைக்கும் மெல்லிய லென்ஸ், வேண்டாமென்றால் எடுத்துவிடலாம். கண்ணுக்குள்ளே செய்யும் அறுவை என்பதால் தொற்று, அழுத்தம், புரை ஆகிய அபாயங்கள் தனி. செலவும் எல்லாவற்றையும் விட அதிகம்.

காப்பீட்டை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். 7.5 பவருக்குக் குறைந்த பார்வைத் திருத்தத்தை மருத்துவக் காப்பீடுகள் பொதுவாக விலக்கி வைக்கின்றன. சீட்டில் எழுதி வாங்க வேண்டியது: பரிசோதனை, சொட்டு மருந்து, பேண்டேஜ் லென்ஸ், ஒரு வருட வருகைகள், பவர் மிஞ்சினால் மறு லேசர் ஆகியவை தொகைக்குள் அடக்கமா என்பது. வேலைக்குப் படிக்கும் பிள்ளைகள் அறிவிப்பை வரிக்கு வரி படிக்கட்டும். ரயில்வே உதவி லோகோ பைலட் பணிக்கு லேசிக் செய்தவர்கள் தகுதியில்லை. கண்ணாடி கழன்ற சந்தோஷத்தில் வேலை கழன்றுபோன கதையாக ஆகிவிடக் கூடாது.

கடைசியாக, தாள்கள். சிகிச்சைக்கு முந்தைய பவர், கருவிழி வளைவு அளவுகள், நடுத் தடிமன், கண் அழுத்தம், பென்டாகேம் படம், லேசர் எடுத்த மைக்ரான் கணக்கு: இந்த ஆறின் நகலையும் கேட்டு வாங்கி நிலப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். மெலிந்த கருவிழியில் கண் அழுத்தம் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். பிற்காலத்தில் கண்நீர் அழுத்த நோயை (கிளாக்கோமா) பார்க்கும் மருத்துவருக்கு இது தெரிய வேண்டும். அறுபது வயதில் புரைக்கு லென்ஸ் வைக்கும்போதும், லேசர் செய்த கண்ணுக்குச் சாதாரணக் கணக்கு தவறும், பழைய அளவுகள் பெரிதும் உதவும். மையம் மூடிப்போகலாம், கம்ப்யூட்டர் மாறிப்போகலாம். கேட்டால் அன்றே அச்செடுத்துக் கொடுக்கும் இடத்தையே தேர்ந்தெடுங்கள்.